ஓடும் பிள்ளைகளின் கணைக்கால் நோவு

ஆண்டின் முதலாந் தவணை தொடங்கியவுடன் இலங்கைப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஆயத்தங்களும் தொடங்கிவிடுகின்றன. காரைதீவிலிருந்து சம்மாந்துறையை நோக்கிச் செல்லும் வீதியிலே, வயல் சூழக் கிடக்கும் மாவடிப்பள்ளி போன்ற ஊர்களில் இவ்வாயத்தத்திற்குக் காலநிலையும் ஒரு நெருக்கடியை உண்டாக்குகின்றது. மாரி காலத்திலே மைதானத்தில் நீர் நிற்கும். பிள்ளைகள் ஓடுவதற்கு இடமிராது. மழை ஓய்ந்து வெயில் எறிக்கத் தொடங்கியதும் அதே தரை காய்ந்து கல்லாக இறுகிவிடும். போட்டிக்கோ மூன்று நான்கு வாரங்களே எஞ்சியிருக்கும். இரண்டு மாதமாக ஓடாதிருந்த கால்கள், அன்று முதற்கொண்டு காலையும் மாலையும் ஓடத் தலைப்படுகின்றன. இரண்டாம் வாரத்திலோ மூன்றாம் வாரத்திலோ ஒரு பிள்ளை கணைக்காலைத் தடவியபடி மைதானத்தின் ஓரத்தில் வந்து அமர்கின்றான். “கால் நோகுது, சேர்” என்கின்றான். “ஓட ஓடச் சரியாகிவிடும், எழும்பு” என்பது அவனுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை.

இவ்விடை சில வேளை பாதி உண்மை. சில வேளை பெருந் தீங்கு. இரண்டையும் வேறுபிரித்தறிய ஒருவர் வைத்தியராக இருக்கவேண்டியதில்லை. ஆசிரியரும் பெற்றோரும் ஒரு விரலைக் கொண்டே ஓரளவுக்கு அறிந்துகொள்ளலாம். அதற்கு முன்னர் அக்காலின் அமைப்பைச் சிறிது பார்த்தல் தகும்.

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலே இரண்டு எலும்புகள் உள்ளன. உட்புறமாக அமைந்த தடித்த எலும்பே உடலின் பாரத்தில் மிகப் பெரும் பங்கைத் தாங்குவது. காலின் முன்புறத்தைக் கையால் தடவினால், தசை மூடாமல், தோலுக்கு அடியிலேயே அதன் விளிம்பு தட்டுப்படும். வெளிப்புறத்து எலும்பு மெல்லியது. அது தாங்கும் பாரம் சிறிது. பின்புறத்தில் ஆடுதசை திரண்டு நிற்கின்றது. அது கீழ்நோக்கிச் சென்று தடித்த தசைநாணாகிக் குதியெலும்பிற் பொருந்துகின்றது. இத்தசைகள் யாவும், கட்டிய பொதிகளைப் போல, விரிந்து கொடாத உறைகளுக்குள் அடங்கியிருக்கின்றன.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடற்பாரத்தின் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலைத் தாக்குகின்றது. நாற்பது கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவனை எடுத்துக்கொண்டால், அவனுடைய கால் ஒரு முறை நிலத்திற் படும்போது எண்பது முதல் நூற்றிருபது கிலோகிராம் பாரத்திற்கு ஈடான தாக்கம். அடிக்கு ஒரு மீற்றர் வீதம் வைத்தாலும், 1,500 மீற்றர் ஓட்டத்திலே ஒவ்வொரு காலும் எழுநூற்றைம்பது தடவை இத்தாக்கத்தை ஏற்கின்றது. ஐந்து கிலோமீற்றர் மரதன் ஓட்டமாயின் இரண்டாயிரத்தைந்நூறு தடவை. தாக்கம் பெரிதென்று அஞ்சவேண்டியதில்லை. எலும்பு அதனைத் தாங்குவதற்கென்றே அமைந்தது. அது தாங்கப் பழகும் முறையிலேதான் நோவின் இரகசியம் அடங்கியிருக்கின்றது.

எலும்பைச் சிலர் கல்லைப் போன்ற உயிரற்ற பொருளென்று எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அஃது ஓயாது தன்னைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கும் உயிர்ப்பொருள். வயல் வரம்பைத் திருத்தும் உழவனின் செயலை இதற்கு ஒப்பிடலாம். நெகிழ்ந்துபோன மண்ணை அவன் முதலில் வெட்டி அகற்றுகின்றான். பின்னரே புதுமண் அணைத்து மிதித்து இறுக்குகின்றான். பழைய மண்ணை அகற்றிப் புதுமண் இறுகுமுன்னர் வாய்க்கால் நீரைத் திறந்துவிட்டால் வரம்பு உடைந்துபோகும். எலும்பிலும் இவ்வாறே புதிய தாக்கத்திற்கு உள்ளான பகுதியை ஒருவகை உயிரணுக்கள் அரித்தெடுக்கின்றன. அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். வேறொருவகை உயிரணுக்கள் அவ்விடத்திற் புதிய எலும்பை நிரப்புகின்றன. அது முற்றுப்பெற ஏறக்குறைய மூன்று மாதங்கள் வேண்டும். ஆகவே பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் எலும்பு முன்பிருந்ததிலும் சற்று வலுக்குறைந்து நிற்கும் ஒரு காலம் உண்டு. இல்ல விளையாட்டுப் போட்டியை முன்னிட்டு ஓட்டத்தை இரட்டிப்பாக்குவதும் சரியாக அக்காலத்திலேயே நிகழ்கின்றது.

இனி நோவின் வகைகளைப் பார்ப்போம். மிகப் பெரும்பாலும் காணப்படுவது, கணைக்காலின் உட்புற விளிம்பிலே, நடுப்பாகத்திலிருந்து கீழ்நோக்கிப் பரவி நிற்கும் ஒரு நோவு. ஓடத் தொடங்கும்போது இது தோன்றும். உடல் சூடேறியதும் குறைந்து மறைந்ததுபோல் இருக்கும். ஓட்டம் முடிந்தபின் மீண்டும் தலைகாட்டும். “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்ற கூற்று பிறந்ததும் இந்த இடைமறைவைக் கண்டேயாதல் வேண்டும். எலும்பின் மேலுறையும் அதனோடு ஒட்டிய தசைகளும் எலும்பின் மேற்பரப்பும் ஒருங்கே அளவு கடந்து வருந்துவதன் அடையாளம் இது. விளிம்பின் வழியே விரலால் அழுத்திச் சென்றால் நான்கு விரற்கிடையோ அதற்கு மேலோ நீளத்திற்கு நோகும். தொடக்கத்திலேயே கவனித்தால் சில வாரங்களில் இது தணிந்துவிடும்.

மற்றொரு வகை வேறு இயல்புடையது. விரலால் அழுத்தும்போது நெடுகிலும் நோகாமல், ஒரு நாணயத்தின் அளவேயான ஓரிடத்தில் மாத்திரம் பிள்ளை துள்ளியெழும்படி நோகும். ஓட ஓடக் குறையாது, கூடும். நாட்கள் செல்ல நடக்கும்போதும் நோகும். பின்னர் இரவிற் படுத்திருக்கையிலும் நோகும். ஒற்றைக் காலிற் குதித்தால் அதே புள்ளி குத்தும். (நடக்கையிலேயே நோவுள்ள பிள்ளையைக் குதிக்கச் சொல்லிச் சோதித்தல் தகாது.) இது எலும்பிலே மயிரிழை போன்ற வெடிப்பு விழுந்திருப்பதைக் குறிக்கலாம். தகைப்பு முறிவு என்று இதனைக் கூறுவர். விழுந்தோ அடிபட்டோ ஏற்படுவதன்று. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் முறிவதைப் போன்றது.

இந்நோயை முதன்முதலில் வகுத்துரைத்தவர் ஓட்டக்காரருக்கு மருத்துவம் செய்தவர் அல்லர். பிரசியப் படையின் வைத்தியரான பிரைற்ஹௌப்ற் என்பவர், நெடுந்தூரம் அணிநடை நடந்த போர்வீரரின் பாதங்கள் வீங்கி நோவதை 1855ஆம் ஆண்டில் விவரித்தார். காரணம் அன்று விளங்கவில்லை. 1895இல் ரொன்ற்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தபின், 1897இலே அவ்வீக்கத்திற்குக் காரணம் பாத எலும்பின் முறிவே என்பது படத்திலே தெரிந்தது. படைக்குப் புதிதாகச் சேர்ந்து திடீரென்று நெடுந்தூரம் நடக்கப் பணிக்கப்பட்ட இளைஞனும், மழை ஓய்ந்ததும் திடீரென்று ஓடப் பணிக்கப்பட்ட மாணவனும் எலும்பின் கணக்கில் ஒரே நிலையினரே.

எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தகைப்பு முறிவு முதல் இரண்டு மூன்று வாரங்களில் அப்படத்திற் பெரும்பாலும் தெரிவதில்லை. சிலருக்குப் பின்னருந் தெரிவதில்லை. “படத்தில் ஒன்றுமில்லை” என்று கேட்டதும் பிள்ளையை மறுநாளே மைதானத்திற்கு அனுப்புவது இதனால் தவறாகும். நோவு அதே புள்ளியில் நிலைத்திருந்தால் அதனை வைத்தியரிடம் மீண்டும் கூறவேண்டும். வேண்டுமாயின் அவர் காந்த அதிர்வுப் படத்திற்கு ஒழுங்கு செய்வார்; வெடிப்பாகுமுன் எலும்பு கன்றியிருப்பதைக்கூட அது காட்டிவிடும். கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அரசாங்க வைத்தியசாலைகள் உள்ளன. செலவுக்கு அஞ்சி வீட்டில் இருக்கவேண்டிய நிலை இப்பகுதியில் இல்லை. குறிப்பாக, நோவும் புள்ளியானது கணைக்காலின் முன்விளிம்பிலே நடுப்பாகத்தில் இருக்குமாயின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அவ்விடத்து வெடிப்பு எளிதிற் கூடாது. முழு முறிவாக மாறக்கூடியதும் அதுவே.

இவ்விடத்தில் 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் நிகழ்ந்த ஒன்று நினைவுகூரத்தக்கது. ஓகஸ்ற் 9ஆம் நாள் நடைபெற்ற 4×400 மீற்றர் அஞ்சலோட்டத் தெரிவுச் சுற்றிலே, அமெரிக்க அணியின் முதலாமவராக ஓடிய மன்ரியோ மிற்செல், பாதித் தூரத்தில் இருக்கும்போது இடக்காலில் எலும்பு முறிவதை உணர்ந்தார். எனினும் நிற்கவில்லை. எஞ்சிய ஏறக்குறைய இருநூறு மீற்றரையும் ஓடி முடித்துக் கோலைக் கையளித்தார். அணி இறுதிச் சுற்றுக்குத் தகுதிபெற்று வெள்ளிப் பதக்கமும் வென்றது. உலகப் பத்திரிகைகள் அவரைப் பெரிதும் பாராட்டின. பாராட்டுக்கு அவர் உரியவரே. ஆனால் அவருக்கு முறிந்தது பாரம் அதிகந் தாங்காத வெளிப்புற எலும்பு என்பதை அக்கதையை மாணவருக்கு எடுத்துக்கூறுவோர் சேர்த்துக் கூறுவதில்லை. உட்புற எலும்பு அவ்வாறு முறிந்திருந்தால் எத்துணை மனவுறுதியும் அவரை இரண்டாவது அடி எடுத்துவைக்க விட்டிராது. அவர் வளர்ந்த மனிதர். தம் வாழ்நாளின் பெரும் போட்டியில் தாமே தீர்மானித்தவர். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே தீர்மானிக்கின்றது.

மூன்றாவதாக ஒரு நோவு உண்டு. அதனைப் பலர் சோம்பல் என்று தவறாக எண்ணிவிடுகின்றனர். ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில், அல்லது நாடோறும் ஏறக்குறைய ஒரே தூரத்தில், கால் இறுகிக் கட்டியாகிப் பாதம் மரத்துப்போகின்றது. பாதத்தைத் தூக்க இயலாமல் நிலத்தில் அறைந்து வைக்கின்றான். நின்றால் அரைமணி நேரத்திற்குள் ஒன்றுமே நிகழாததுபோலச் சரியாகிவிடுகின்றது. உறைக்குள் அடங்கிய தசை ஓட்டத்தாற் பருத்து, உறை விரிந்து கொடாமையால் உள்ளே அழுத்தம் மிகுவதே இதன் காரணம். ஓய்விருக்கும்போது ஆராய்ந்தால் யாதுந் தென்படாது. ஆதலால் எத்தனையாவது நிமிடத்தில், எவ்விடத்தில், என்ன நிகழ்கின்றது என்பதைக் குறித்துவைத்து வைத்தியரிடம் கூறுதல் மிகப் பயன்படும். ஆனால் காலில் பலத்த அடிபட்ட பின்னர் இதே இறுக்கம் தோன்றி, ஓய்விலும் தணியாது, விரல்களை அசைக்கும்போது தாங்கொணாத நோவாகப் பெருகினால், அது சில மணி நேரத்திற்குள் வைத்தியசாலையில் கவனிக்கப்படவேண்டிய ஆபத்து.

ஆடுதசை திடீரென்று பிடித்துக் கிழிவதும், குதித் தசைநாண் காலையில் எழுந்து முதலடி வைக்கையில் விறைத்து நோவதும் வளர்ந்த ஓட்டக்காரரிடையே மிகுதி. பின்னங்காலில் யாரோ உதைத்ததைப் போன்ற உணர்ச்சியோடு ஒருவர் விழுந்து, திரும்பிப் பார்க்கையில் எவரும் இல்லையெனின், தசைநாண் அறுந்திருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். ஓட்டத்தோடு தொடர்பின்றி ஒரு காலின் ஆடுதசை மாத்திரம் வீங்கிச் சூடாக இருத்தல், காய்ச்சலோடு கூடிய எலும்பு நோவு, வாரக்கணக்கில் இரவுதோறும் பிள்ளையை எழுப்பும் நோவு ஆகியவற்றையும் ஓட்டத்தின்மேற் சுமத்திவிட்டு வாளாவிருத்தல் கூடாது.

நோவு கண்டவுடன் செய்யவேண்டுவது யாது? முதலில், நோவைத் தரும் ஓட்டத்தை நிறுத்துதல். இதற்குப் படுக்கையிற் கிடத்தல் என்று பொருளன்று. பரவலான முதல் வகை நோவாயின், நோவு தராத பயிற்சியைச் செய்துகொண்டே இருக்கலாம். துவிச்சக்கர வண்டி இதற்கு மிக ஏற்றது, இவ்வூர்களில் அது இல்லாத வீடும் அரிது. பனிக்கட்டியைத் துணியிற் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் நோவு தணியும், வெறுந்தோலில் வைத்தலாகாது. பனடோலை விழுங்கிவிட்டு ஓடுவது, வீட்டில் தீப்பிடித்திருக்க நாயின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் பிள்ளையைக் கொண்டுபோய் எண்ணெய் தேய்த்து உருவிவிடும் வழக்கம் கிராமங்களில் இன்றும் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்த அக்கலையை இகழ்வதற்கில்லை. ஆடுதசையின் களைப்புக்கு மென்மையான தடவல் இதம் தரும். ஆனால் ஒரு புள்ளியில் நோகும் எலும்பை அழுத்தி உருவுதல் நன்மை செய்யாது. வெடிப்பிருப்பின் அதனை மேலும் வருத்தும். இதனை அறிந்த அனுபவசாலிகள் தாமாகவே பிள்ளையை வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுகின்றனர்.

தகைப்பு முறிவு என்று உறுதியாயின், உட்புற விளிம்பில் ஏற்பட்டதற்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டத்தை விடவேண்டும். மீண்டும் போட்டிக்கு வர மூன்று மாதமளவுஞ் செல்லலாம். நோவு புதிதாக இருந்தபோது இரண்டு வாரம் விட்டிருந்தால் போதியதாயிருந்திருக்கும் பிள்ளை, வலய மட்டப் போட்டி, மாகாண மட்டப் போட்டி இரண்டையும் இழப்பது இவ்வாறே.

உணவைப் பற்றியும் கூறவேண்டும். எலும்பைச் செப்பனிடுவதற்கு மண்ணும் வேண்டும், கூலியும் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்கு இப்பகுதியில் எருமைத் தயிர் இருக்கின்றது; முள்ளோடு உண்ணத்தக்க நெத்தலி இருக்கின்றது; கீரையும் எள்ளும் இருக்கின்றன. விற்றமின் டி வெயிலால் தோலில் உண்டாவது. வெயில் மிகுந்த நம் நாட்டிலும் வீட்டினுள்ளேயே நாளைக் கழிப்போருக்கும் உடல் முழுவதும் மூடும் ஆடையணிவோருக்கும் அது குறைவாயிருத்தல் கூடும். ஐயமிருப்பின் வைத்தியரைக் கேட்டல் நன்று. இவற்றினும் முக்கியமானது, ஓடுமளவுக்கு ஏற்றவாறு வயிறார உண்ணுதல். உண்பது போதாதபோது உடல் எலும்பின் பங்கைக் குறைத்தே ஏனைய செலவை ஈடுசெய்கின்றது. பெண் பிள்ளைகளிடத்து இதன் அடையாளமாக மாதவிடாய் தடைப்படும். பயிற்சி செய்யும் மகளுக்கு மூன்று மாதம் அது வராதிருப்பின், எலும்பு வலுக்குறைகின்றது என்பதற்கு அது முன்னறிவித்தலாகலாம். தாய்மார் கூச்சத்தை விட்டு வைத்தியரிடங் கூறவேண்டும்.

நோன்பு மாதத்தையும் இங்கு எண்ணிப் பார்க்கவேண்டும். அம்மாதம் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறையாதலால் பயிற்சி தடைப்படுகின்றது. பெருநாள் கழிந்து திரும்பும் பிள்ளை, விட்ட இடத்திலிருந்து தொடங்க விரும்புவான். அவனுடைய கால்களோ ஒரு மாத ஓய்விற் பழக்கம் குறைந்தவை. பாதி அளவிலிருந்து தொடங்குதலே முறை. நோன்பு நாட்களில் ஓட விரும்புவோர் நோன்பு திறந்து, நீரருந்தி, சிறிது நேரம் கழித்து மெதுவாக ஓடலாம். ஸஹர் உணவைத் தவறவிடலாகாது.

நோவு நீங்கியபின் மீண்டும் ஓடத் தொடங்குவதற்கும் ஒரு படிமுறை உண்டு. அரைமணி நேரம் விரைந்து நடந்தாலும் நோவில்லை, அழுத்தினாலும் நோவில்லை என்ற நிலை சில நாட்கள் நிலைக்கவேண்டும். பின்னர் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என மாறிமாறி இருபது நிமிடம். ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாட் காலையில் நோவு காணாவிடின் ஓடும் நிமிடத்தைக் கூட்டலாம். கண்டால் முந்திய படிக்கு இறங்கவேண்டும். முதலில் தூரம், பின்னரே வேகம். முள்ளுச் சப்பாத்து எல்லாவற்றிற்கும் கடைசி. இதற்கிடையே படிக்கட்டில் நின்று குதியை உயர்த்தி மெல்ல இறக்கும் பயிற்சியை, முழங்கால் நேராக ஒரு முறையும் சற்று மடித்து ஒரு முறையுமாக நாடோறும் செய்தால், தாக்கத்தை எலும்புக்கு முன் ஏற்கும் ஆடுதசை வலுப்பெறும். ஓடுமுன் தசையை இழுத்து நீட்டினால் நோவு வராது என்று பலர் நம்புகின்றனர். ஆஸ்திரேலியப் படையிற் சேர்ந்த 1,538 பேரைக்கொண்டு நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, நீட்டியவருக்கும் நீட்டாதவருக்கும் இவ்வகைக் காயங்களிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மெதுவோட்டத்தோடு தொடங்குதல் போதும்.

தரையைப் பற்றி இறுதியாகச் சிறிது. மைதானம் இறுகிக் கிடக்கும் நாட்களிற் சில ஆசிரியர்கள் பிள்ளைகளைக் காரைதீவு, சாய்ந்தமருதுக் கடற்கரைகளுக்கு அழைத்துச் செல்வதுண்டு. நல்ல எண்ணமே. மணல் தாக்கத்தைக் குறைக்கும். ஆனால் ஆடுதசைக்கும் குதித் தசைநாணுக்கும் வேலையைக் கூட்டும். ஆதலால் முதல் நாளே முழுத் தூரமும் மணலில் ஓடுவித்தல் கூடாது. அலை நனைத்த ஈரமணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்பொழுதும் தாழ்வில் விழும். போன தூரத்தையே திரும்பியும் ஓடினால் இரு கால்களும் அதனைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். வெறுங்காலோடு ஓடிப் பழகிய பிள்ளைக்குப் போட்டிக்கு முதல் வாரம் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பதும், சப்பாத்தோடு பழகியவனை வெறுங்காலுடன் ஓடவிடுவதும் ஒரேவகைத் திடீர் மாற்றங்களே. மாரியின்போது வெளியில் ஓட இயலாத வாரங்களிற் பாடசாலை மண்டபத்திலோ வீட்டுத் திண்ணையிலோ நாளொன்றுக்குப் பத்து நிமிடம் கயிறடித்தாலும், மைதானம் காயும் நாளில் அக்கால்கள் முற்றிலும் புதியனவாக அதன்மேல் இறங்கமாட்டா.